தாத்தா வீட்டு உத்திரத்தை மாட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நிபோங் திபாலில் எங்கள் தாத்தா கட்டிய பலகை வீட்டைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரே ஒரு உத்திரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம். செங்கால் மரம் என்கிறார் சித்தப்பா. பினாங்கு பாயான் பாருவில் எங்கள் லிங்க் வீட்டு (ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) ஹாலில் எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் ஒன்று வைத்து, அமெரிக்க வீடியோக்களில் காட்டுவதுபோல அதற்கு மேலே சுவரில் இந்தக் கட்டையை மாட்ட ஆசை. கட்டைக்கு மேல் அப்பாவின் படம், ஒரு காமாட்சி விளக்கு. வீட்டு வேலை பார்க்கும் குத்தகைக்காரர் நாலு எல் பிராக்கெட் போதும், அரை நாள் வேலை என்கிறார். மாமியாரோ கட்டை முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை, வீட்டுக்குள் கொண்டுவந்தால் கரையானும் கூடவே வரும் என்கிறார். யார் சொல்வது சரி? மேலே இழைத்து வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: தங்கச்சி, கட்டையைக் கேட்டு வாங்கி வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். வீடு இடிக்கும்போது பெரும்பாலான உத்திரங்கள் லோரியில் ஏறிப் போய்விடும், அப்புறம் எந்தக் கடையில் என்ன விலைக்கு நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாட்டலாம், நன்றாகவே மாட்டலாம். ஆனால் குத்தகைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த மரம் எந்தச் சுவரில் தொங்கப் போகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால் பங்கு சுவர்தான்.

முதலில் எடை. செங்கால் நம் காட்டு மரங்களில் கனத்தது, நன்கு காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 915 முதல் 980 கிலோ வரை நிற்கும். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 40 கிலோ வருகிறது. நம்பிக்கை இல்லையென்றால் குளியலறைத் தராசில் ஒரு முனையை வைத்து, மறுமுனையை அதே உயரத்தில் ஒரு கல்மேல் வைத்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 30-க்குக் கீழே வந்தால் அது செங்காலாக இருக்க வாய்ப்பு குறைவு, மெராந்தி மாதிரி லேசான மரமாக இருக்கலாம், அப்போது பூச்சி விஷயத்தில் நான் கீழே சொல்வதை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

இந்த 40 கிலோ சுவரைக் கீழ்நோக்கி மட்டும் இழுத்தால் கவலையே இல்லை, அது வெளிப்பக்கமாகவும் இழுக்கிறது. கட்டை சுவரிலிருந்து 6 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் பாரம் நடுவில், 3 அங்குலத்தில். 40-ஐ 3-ஆல் பெருக்கினால் 120. இதோடு விடாதீர்கள். கை வைக்க வசதியான உயரத்தில் ஒரு கட்டை இருந்தால் யாராவது அதில் சாய்வார்கள், தீபாவளிக்கு வந்த மச்சானோ, தொங்கிப் பார்க்கும் பிள்ளையோ. 60 கிலோ ஆள் வெளி விளிம்பில் முழுப் பாரத்தையும் போட்டால் 60 பெருக்கல் 6, அதுவே 360. மொத்தம் 480. இதைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது மேல் வரிசை ஸ்க்ரூக்கள்தான். குத்தகைக்காரர் சொல்லும் சின்ன பிராக்கெட்டில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்தான் இருக்கும் என்றால், 480-ஐ ஒன்றரையால் வகுங்கள், 320 கிலோ இழுப்பு, அதுவும் பிளாஸ்டிக் பிளக்கில் நிற்கும் நாலே ஸ்க்ரூவுக்கு. அதே இடைவெளியை 4 அங்குலமாக்கினால் இழுப்பு 120 கிலோவாக இறங்கிவிடும், நாலு போல்ட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 30. கட்டையும் சுவரும் மாறவில்லை, இரும்பின் உயரம் மட்டும் மாறியிருக்கிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் குத்தகைக்காரரிடம் காட்டுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல வேலைக்காரராக இருந்தால் உடனே புரிந்துகொள்வார்.

சரி, சுவருக்கு வருவோம். நம் லிங்க் வீடுகள் கான்கிரீட் தூணும் உத்திரமும் போட்டு, நடுவில் கல் அடுக்கிப் பூசியவை. அந்தக் கல் எந்தக் கல் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். விரல் முட்டியால் தட்டுங்கள். டொக்கென்று வெற்றிடம் கேட்டால் பலகைத் தடுப்பு, அந்த இடத்தில் இந்தக் கட்டையை நினைக்கவே வேண்டாம். கெட்டியாகக் கேட்டால், பிறகு கட்டை மறைக்கப் போகும் இடத்திலேயே 6 மி.மீ. முனையால் ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தூளைப் பாருங்கள். முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும், அதை ஊதிவிட்டு இன்னும் உள்ளே போங்கள். சிவப்பாக, குங்குமம்போல நைசாக வந்தால் சுட்ட செங்கல். சாம்பல் நிறத்தில் மணல் நெறுநெறுவென்று வந்தால் சிமிண்டுக் கல். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி வெள்ளைத் தூள் கொட்டினால் லேசான காற்றுக் கல், புதிய வீடுகளிலும் கொண்டோக்களிலும் இது அதிகம். எவ்வளவு அழுத்தியும் முனை நகராமல் சூடேறினால் கான்கிரீட், அல்லது உள்ளே கம்பியில் இடிக்கிறீர்கள். நடுவில் திடீரென்று முனை வழுக்கி உள்ளே விழுந்தால் கல்லில் பொந்து இருக்கிறது என்று அர்த்தம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை போடும் முன் மின்கம்பிக் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் கீழேயும் தொடாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் கம்பி தேடும் கருவி கிடைக்கும், இரவல் கேட்டாலும் சரி. பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவர் என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அரைக்கல் சுவரில் அளவு தப்பினால் ஓட்டை அவர்கள் ஹாலில் எட்டிப் பார்க்கும்.

செங்கல்லோ சிமிண்டுக் கல்லோ என்றால் நான் செய்யச் சொல்வது இதுதான். வெல்டிங் கடையில் 5 அடி நீளம், 5 அங்குல உயரம், 6 மி.மீ. கனத்தில் ஒரு இரும்புத் தகடு வெட்டச் சொல்லுங்கள். அதன் நடுக்கோட்டில் 16 மி.மீ. கம்பித் துண்டுகள் நாலு, நாலரை அங்குலம் நீளத்தில், தகட்டுக்குச் சரியான செங்குத்தாக வெல்ட் செய்ய வேண்டும். முனைகள் ஒரு நூல் அளவு மேல்நோக்கி இருந்தால் நல்லது, பாரம் ஏறினதும் நேராகிவிடும். மேல் விளிம்பை ஒட்டி நாலு ஓட்டை, கீழே நாலு ஓட்டை, 10 மி.மீ. போல்ட்டுக்கு. மேல் ஓட்டைகள் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து 4 அங்குல உயரத்தில் வரட்டும், மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். துரு எதிர்ப்புப் பூச்சு இரண்டு முறை அடியுங்கள். கட்டையின் முதுகில் தகடும் போல்ட் தலைகளும் உட்கார்வதற்கு ஒரு காடி வெட்டி, கம்பிகளுக்கு 18 மி.மீ. துளை போட்டால், கட்டை கம்பிமேல் தானாகச் செருகிக்கொள்ளும், வெளியே ஒரு இரும்பும் தெரியாது. துளைகளை அளந்து போடாதீர்கள். வெல்ட் செய்த தகட்டை ஒரு பழுப்புத் தாளில் அழுத்திக் கம்பிகளின் இடத்தைப் பதித்து, அந்தத் தாளை அப்படியே கட்டையின் முதுகில் ஒட்டித் துளையுங்கள், வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கம்பி அரைக்கால் அங்குலம் அங்கே இங்கே இருக்கும்.

போல்ட்டைச் சுவரில் நிறுத்த, அடித்ததும் விரிந்து பிடிக்கும் வகையை நான் செங்கல்லில் விரும்புவதில்லை, விரியும்போது கல்லையே வெடிக்க வைக்கும். துப்பாக்கியில் போட்டு அழுத்தும் ரசாயனப் பசை வகைதான் நல்லது. ஓட்டை கல்லின் நடுவில் விழ வேண்டும், இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் விழக்கூடாது. கல்லுக்குள் 3 அங்குலம் போதும். பழைய கல் என்றால் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையுங்கள். அப்புறம் எல்லோரும் அவசரத்தில் விடும் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி, தூள் வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பசை கல்லைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும், முதல் நாள் இரும்பாக நிற்கும், ஒரு வருடத்தில் முழுப் போல்ட்டும் ஈறு விட்ட பல்லாக ஆடும். பொந்துள்ள கல்லுக்குச் சல்லடைக் குழல் என்று தனியாக விற்கிறார்கள், அதைச் செருகிய பிறகு பசை. ரசமட்டம் வைத்துத் தகட்டை நிறுத்தி, ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் முறுக்குங்கள். தகட்டின் கீழ் விளிம்பில் துளையிட்ட சின்ன நாக்கு இரண்டு வெல்ட் செய்து வைத்திருந்தால், கட்டையைச் செருகிய பின் அடியிலிருந்து இரண்டு ஸ்க்ரூ போட்டுப் பூட்டிவிடலாம். பசை போட்டு ஒட்டாதீர்கள். நாளைக்கு வீடு மாறினால் கட்டை உங்களோடு வர வேண்டும்.

வெள்ளைத் தூள் கொட்டினால்? காற்றுக் கல்லுக்கென்றே போல்ட்டுகள் இருக்கின்றன, தெரிந்தவர்கள் போடுவார்கள், ஆனாலும் 40 கிலோவும் அதில் சாயும் ஆளும் என்று பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்பாது. இரண்டு பக்கமும் கால் கொடுத்து நிற்க வையுங்கள், அதே காலத்து மரத்தில் இரண்டு தூண் கிடைத்தால் ஃபயர்பிளேஸைச் சுற்றி ஒரு வாசல்போல அழகாக அமையும். பாரம் தரைக்குப் போய்விடும், சுவரில் கவிழாமல் பிடிக்க இரண்டு ஸ்க்ரூ மட்டும். உண்மையைச் சொன்னால் செங்கல் சுவரானாலும் எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும்.

இப்போது மாமியார் பேச்சு. அவர் பயம் வீண் இல்லை, ஆனால் எந்த ஓட்டை என்று பார்த்துப் பேச வேண்டும். செங்காலில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருப்பது ரொம்பச் சாதாரணம், மரம் பச்சையாக நின்றபோதே ஒரு வண்டு குடைந்தது, மரம் காய்ந்ததும் அதற்கு வாழ்வில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஓட்டையின் உள் ஓரம் கறுத்து, வாய் வழவழவென்று பழசாகத் தெரிந்தால் அந்த வகை, விட்டுவிடலாம். வாய் புதிதாக வெட்டியதுபோல வெளிறி, தட்டினால் கோதுமை மாவுபோல நைசான தூள் கொட்டினால் அது புபோக், காய்ந்த மரத்தை மாவாக்கும் வண்டு, உயிரோடு இருக்கிறது. தூள் மாவாக இல்லாமல் கசகசாபோல உருண்டை உருண்டையாக, விரலில் தேய்த்தால் மணலாக உறுத்தினால் உலர்மரக் கரையான், அந்த ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை இருக்கும். கட்டையின் கீழே கறுப்புத் தாள் விரித்து நாலு வாரம் விடுங்கள், தாளில் எதுவும் விழாவிட்டால் மாமியாரையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.

செங்காலின் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் சுலபமாகத் தொடாது, அதனால்தான் அந்தக் காலத்தில் வீட்டுக்கும் படகுக்கும் அதைத் தேடிப் போட்டார்கள். ஆபத்து ஓரத்தில் வெளுத்துத் தெரியும் மேல் மரத்தில்தான், புபோக்குக்கு வேண்டிய மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் கட்டையில் அப்படி ஒரு பட்டை ஒரு மூலையில் ஓடினால், உளியால் குத்திப் பாருங்கள், பஞ்சாக உதிர்ந்தால் அந்தப் பகுதியைச் சீவி எடுத்துவிடலாம். தாளில் தூள் விழுந்தால் மருந்தை மேலே தடவிவிட்டுத் திருப்திப்படாதீர்கள், போரேட் என்ற பூச்சிமருந்துக் கரைசல் காய்ந்த கனமரத்துக்குள் ஆழமாக இறங்காது. மரம் உலர்த்தும் சூளை வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துச் சூடேற்றச் சொல்லுங்கள். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கு உலக அளவில் வைத்திருக்கும் விதி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் எட்டி அங்கேயே 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது. 6 அங்குலக் கட்டையில் நடுவரை சூடு போக நேரமாகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும், அதைப் பட்டறைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டைச் சுற்றி மண்ணிலிருந்து ஏறும் கரையான் வேறு கதை, அது இந்தக் கட்டையோடு வராது.

சுத்தம் செய்யும்போது பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், தலை உடைந்து உள்ளே நிற்பதைக் காந்தம் வைத்துத் தேடுங்கள். ஆணி இருந்த இடத்தில் மரம் கறுத்திருக்கும், இரும்பும் மரச்சாறும் சேர்ந்த கறை அது, அழுக்கு இல்லை. தயவுசெய்து அதைப் போக்காதீர்கள். இழைக்கவும் வேண்டாம். வேறு உத்திரத்தோடு பொருத்தப் பொளித்த துளை, போல்ட் போன ஓட்டை, கைவாச்சி பட்ட தழும்பு, இவையெல்லாம் தாத்தா வீட்டைக் கட்டிய தச்சரின் கைவேலை, இழைப்புளி இரண்டு முறை ஓடினால் அது ஹார்ட்வேர் கடையில் வாங்கிய கட்டையாகிவிடும். நார்த் தூரிகை, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். பச்சை, நீலம் என்று பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதை உலர் நிலையில் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூள் பிள்ளைகளுக்கு விஷம். முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்தோடு சுரண்டி, கழிவைப் பையில் கட்டிப் போடுங்கள். அப்புறம் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். நம் ஊரில் கரையானுக்குப் பயந்து பழைய இன்ஜின் ஆயிலை மரத்தில் அடிக்கும் வழக்கம் உண்டு. கூரை உத்திரத்தில் குறைவு, தரைப் பக்கத்துத் தூண்களில் அதிகம், ஆனாலும் ஆயில் வாடை வந்தால் அந்தக் கட்டை ஹாலுக்கு வேண்டாம், வாசலில் திண்ணையாக்குங்கள். கால் செய்ய இன்னும் மரம் தேடுவீர்கள், அப்போது பழைய ரயில் சிலிப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், தார் எண்ணெய் ஏற்றியவை வீட்டுக்குள் வைக்கக் கூடாதவை.

இத்தனை வருடம் கூரைக்கடியில் வெளிக்காற்றில் இருந்த மரம் ஏர்கோன் ஓடும் ஹாலுக்கு வந்தால் இன்னும் கொஞ்சம் ஈரத்தை விட்டுச் சுருங்கும், நீள வாக்கில் ஒன்றிரண்டு விரிசல் விடலாம், அதனால் பலம் போகாது. ஒரு மாதம் ஹாலிலேயே சின்னக் கட்டைகள்மேல் கிடத்தி வைத்துவிட்டுப் பிறகு துளை போடுங்கள், இரண்டு முனையிலும் மெழுகு தடவினால் முனை வெடிப்பு குறையும். மேல்பூச்சுக்குத் தடித்த வார்னிஷ் வேண்டாம், டங் எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ மெல்லிதாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது உண்மையாக நடப்பது. தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயப்போட்டுவிட்டுத் தூக்கி எறியுங்கள்.

நெருப்பு என்றதும், நீங்கள் பார்த்த வீடியோக்களில் இருப்பது விறகு எரியும் அடுப்பு. அமெரிக்க விதிப்படி அடுப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரமே கூடாது, 12 அங்குலத்துக்குள் இருந்தால் ஒவ்வொரு அங்குல இடைவெளிக்கும் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நீட்டக்கூடாது, அதனால் உங்கள் அளவுக் கட்டை அங்கே ஓர் அடிக்கு மேலேதான் நிற்கும். பினாங்கு மலையில் பழைய வெள்ளைக்காரர் பங்களாக்களில் இருப்பது அந்த மாதிரி அடுப்பு. உங்களுடையது மின்சாரம், அதன் கையேட்டில் மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று போட்டிருக்கும், அதைக் கேளுங்கள், அனல் வாய் மேல்நோக்கியா முன்நோக்கியா என்று வாங்கும்போதே பாருங்கள், முன்நோக்கி ஊதுவது நல்லது. பாயான் பாரு வெயிலில் அனலைப் போடப் போவதில்லை, சுடர் விளக்கு மட்டும்தான் எரியும், அதனால் கீழே எனக்குப் பெரிய பயமில்லை.

பயம் மேலே. உங்கள் வீட்டில் நிஜமான நெருப்பு காமாட்சி விளக்கில்தான் எரியப் போகிறது, எண்ணெய் பூசிய பழைய மரத்தின்மேல், அப்பாவின் படத்துக்கு அடியில், ஏர்கோன் காற்றில். எண்ணெய் வழிந்து மரத்தில் ஊறும், திரி சாய்ந்தால் அங்கேயே பிடிக்கும். சமையல் மேடைக் கல் விற்கும் கடையில் வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்று, விளக்கைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் பெரிதாக இருக்கும்படி வாங்கி, அதன்மேல் ஓரம் உயர்ந்த பித்தளைத் தட்டில் விளக்கை வையுங்கள். கட்டையின் அகலம் 6 அங்குலம்தான், அதில் ஒரு சாண் இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்காது. அதனால் விளக்கைச் சாமி மேடையிலேயே ஏற்றுங்கள், கட்டைமேல் அப்பாவின் படமும் மாலையும் இருக்கட்டும், வேண்டுமானால் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வையுங்கள். படச் சட்டத்தைச் சுவரில் தனி ஆணியில் மாட்டி, அதன் அடி மட்டும் கட்டையில் தொட்டு நிற்கும்படி விடுங்கள். கட்டையின் மேல்பக்கம் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வந்தால் பார்வைக்குச் சரியாக இருக்கும்.

முதல் ஓட்டையின் தூள் என்ன நிறம், தராசு என்ன காட்டியது, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். தகட்டின் அளவையும் போல்ட்டின் நீளத்தையும் உங்கள் சுவருக்கு ஏற்ப வரைந்து தருகிறேன், அதை அப்படியே வெல்டிங் கடையில் கொடுத்துவிடலாம்.